பத்தொன்பது லிட்டர் மழை

தாலுகா அலுவலகத்து மழைமானியின் வாய் ஒரு சாண்கூட இருக்காது. குறுக்களவு 16 சென்டிமீட்டர், பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் உள்ளே இருக்கும் குப்பியில் 20 மில்லிலிட்டர் தண்ணீர் சேரும். 2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை என்று வானிலைத் துறை அறிவித்தபோது, ஊரே வெள்ளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் மனசுக்குள் போட்ட கணக்கு வேறு. 950 மில்லிமீட்டர், பெருக்கல் 20. பத்தொன்பது லிட்டர்! நாலு லிட்டர் குப்பி போட்ட மானியாக இருந்தால் இருட்டிலும் வெள்ளத்திலும் யாராவது நாலு தடவை போய்க் குப்பி மாற்றியிருக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் வழிந்தோடிய மழைக்குக் கணக்கே கிடையாது.

இப்படி யோசிப்பது தொழில் புத்தி. நெல்லைச் சீமையில் ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது, பட்டா மாறுதல் ஃபைல்களோடு மழைப் பதிவேடும் என் மேஜைக்கு வந்தது. காலை எட்டரைக்குக் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் வேலி போட்ட இடத்துக்குப் போய், புனலைத் தூக்கி, குப்பியை எடுத்து, அளவுக் குவளையில் ஊற்றி, கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். உடனே கலெக்டர் ஆபீசுக்கு போன். சித்திரை வெயிலில் வானம் வெளுத்துக் கிடக்கும் நாளிலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ‘மழை இல்லை’ என்று எழுத வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுதக் கூடாது. அப்போதிருந்த தலைமை எழுத்தர் இதில் கறார். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு தூறல் போட்டுவிட்டுப் போயிருந்தால் தூங்கினவனுக்குத் தெரியாது, குப்பிக்குத் தெரியும் என்பார்.

மழையை ஏனத்தில் பிடித்து அளப்பது பழைய சமாச்சாரம். அர்த்தசாஸ்திரம் களஞ்சியத்தில் ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரம் வைக்கச் சொல்கிறது. கொரியாவில் மன்னர் சேஜோங் காலத்தில், 1441–42இல், ஒரே அளவில் மழைமானிகள் செய்து ஊர்களுக்கு அனுப்பினார்கள். பிரிட்டனில் ஜி.ஜே. சைமன்ஸ் என்பவர் 1860இல் தொடங்கித் தன்னார்வலர்களைத் திரட்டி ஊர் ஊராக மழை அளக்கவைத்தார். அவர் பெயர் கொண்ட உருளை மானிதான் நம் அலுவலகங்களிலும் வெகுகாலம் நின்றது. பிறகு கண்ணாடியிழை மானி வந்தது.

மானி எளிய கருவி, ஆனால் கோபக்காரக் கருவி. விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் மட்டமாக இருக்க வேண்டும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். அதற்கும் மேல் தள்ளினால் இன்னும் நல்லது. காற்று பலமாக அடித்தால் துளிகள் வாய்க்கு மேலேயே சாய்ந்து பறந்துவிடும், மானி குறைவாகக் காட்டும். அதாவது புயல் மழையில், எப்போது சரியான அளவு மிகவும் தேவையோ அப்போதுதான், அது கொஞ்சம் கைவிடும். வேப்பஞ்சருகு புனலை அடைக்கும். நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில் புதிதாகக் கட்டிய சுற்றுச்சுவர் மானியின் தலைமாட்டுக்கே வந்து நின்றது. அதற்குப் பிறகு அந்த ஊரில் மழை குறைந்துவிட்டதாக யாராவது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இத்தனைக்கும் மேல், மழையை நேரடியாகத் தொட்டு அளப்பது மானி ஒன்றுதான். மற்றதெல்லாம் ஊகம். நல்ல ஊகம், மோசமான ஊகம் என்று தரம் பிரிக்கலாம், அவ்வளவே.

ஆனால் அது தொட்டு அளப்பது தன் வாய்க்குள் விழுந்ததை மட்டும். இந்த வழக்கு எங்கள் அலுவலக வாசலிலேயே அடிக்கடி நடக்கும். மழைக்கு மறுநாள் விவசாயிகள் வருவார்கள்.

“என்ன அண்ணாச்சி, ராத்திரி மழ எவ்வளவு?”

“மூணு மில்லிமீட்டர்.”

“எங்க ஊர்ல வாய்க்கா நெறஞ்சு ஓடுது, நீங்க மூணுங்கிய. ரெண்டு உழவு மழ பேஞ்சிருக்குய்யா!”

அவரும் பொய் சொல்லவில்லை, குப்பியும் பொய் சொல்லவில்லை. அவர் மண்ணைக் கிளறி ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்து, உழவு கணக்கில் சொல்கிறார். அவர் வயல்தான் அவருக்கு மானி. இடையில் எட்டு கிலோமீட்டர். கோடை இடிமழைக்கு எட்டு கிலோமீட்டர் என்பது வேறு தேசம்.

பெருமழையிலும் இப்படித்தான். காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்த அதே நாளில் திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் பத்து கிலோமீட்டர்கூடக் கிடையாது. வித்தியாசமோ 26 சென்டிமீட்டர். சென்னையில் 2015 டிசம்பர் முதல் தேதி மழையை எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலைக் கணக்கில் தாம்பரம் 49 சென்டிமீட்டர், நுங்கம்பாக்கம் 29. ‘சென்னையில் மழை இவ்வளவு’ என்று தொலைக்காட்சியில் ஒரே எண்ணைச் சொல்லும்போது எந்தச் சென்னை என்று கேட்கத் தோன்றும்.

உலகத்தில் உள்ள மானிகளின் வாய்களையெல்லாம் ஒன்றாகப் பரப்பினால் எவ்வளவு இடம் வரும்? கிறிஸ் கிட் என்ற விஞ்ஞானியும் அவருடன் சேர்ந்தவர்களும் 2017இல் இதற்கு விடை வெளியிட்டார்கள். உலகளாவிய தொகுப்புக்குக் கிடைக்கும் மானிகள் அனைத்தும் சேர்ந்து பாதிக் கால்பந்து மைதானத்துக்கும் குறைவு. பூமி முழுக்கப் பெய்யும் மழைக்கு நம் கையிலிருக்கும் நேரடிச் சாட்சி அவ்வளவுதான். அதிலும் கடலுக்கு மேல் மானி கிட்டத்தட்ட இல்லை, மலைச்சரிவில் அரிது. பஞ்சாங்கத்தில் ‘இந்த ஆண்டு இத்தனை மரக்கால் மழை, கடலில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை, நாட்டில் இத்தனை’ என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணிப்பை நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் கடலையும் மலையையும் தனித்தனியாகக் கணக்கில் வைக்க வேண்டும் என்று எழுதினவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதை மெச்சுகிறேன்.

மானிகளுக்கு நடுவே உள்ள இடத்தை எப்படி நிரப்புவது என்பது அணைப் பொறியாளர்களின் பழைய தலைவலி. ஒரு சென்டிமீட்டர் மழை ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்தால் ஒரு கோடி லிட்டர். அதே 95 சென்டிமீட்டர் 30 சதுர கிலோமீட்டருக்குப் பெய்தால் ஏறக்குறைய ஒரு டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். ஆக, அணைக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்பில் மழையைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ மதிப்பிட்டால் மதகைத் திறக்கும் நேரமே மாறிப்போகும். ஆல்ஃபிரட் தீசன் 1911இல் ஒரு வழி சொன்னார். வரைபடத்தில் ஒவ்வொரு இடத்தையும் அதற்கு மிக அருகில் உள்ள மானிக்குச் சொந்தமாக்கிப் பல்கோணங்களாகப் பிரிப்பது, மானியின் அளவை அந்தப் பரப்பால் பெருக்குவது. பொதுப்பணித் துறை நண்பர்கள் இதை டிரேசிங் பேப்பரில் போட்டு நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு மானி, நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டருக்கு ஜவாப்தாரி ஆகிவிடும். பாவம் அது.

இங்கேதான் மேலேயிருந்து பார்க்கும் கண் தேவைப்படுகிறது.

ஓய்வு பெற்ற பிறகு, ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவி பழைய மழைப் பதிவேடுகளைப் பற்றி விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் எழுதிய பக்கங்களின் நகல் அவரிடம் இருந்தது. செயற்கைக்கோள் மழைக் கணக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கற்றதும், அதற்கப்புறம் நானாக நோண்டிப் படித்ததும்தான் இனி வருவது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: எந்தச் செயற்கைக்கோளும் மழையை அளப்பதில்லை. மேகத்திலிருந்து வரும் கதிர்களை அளக்கிறது. அதிலிருந்து மழையைக் கணக்குப் போட்டு எடுக்கிறோம்.

இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இன்சாட்-3டிஎஸ் போன்றவை 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நம் தலைக்கு மேலேயே நிற்கின்றன. அரை மணிக்கு ஒரு படம் தரும். அவற்றின் அகச்சிவப்புக் கண்ணுக்குத் தெரிவது மேகத்தின் உச்சியின் குளிர். மேகம் எவ்வளவு உயரமோ உச்சி அவ்வளவு குளிரும். உயரமான மேகம் என்றால் பெரும்பாலும் கனமழை. ஃபிலிப் ஆர்கின் 1979இல் இதை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையாக்கினார். மேக உச்சி மைனஸ் 38 டிகிரிக்குக் கீழே இருந்தால் மணிக்கு மூன்று மில்லிமீட்டர் மழை. இல்லாவிட்டால் மழை இல்லை. இவ்வளவுதான் சூத்திரம். வெப்பமண்டலக் கடலில் பெரிய பரப்புக்கு, மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் இது நன்றாகவே வேலை செய்தது. ஒரு ஊருக்கு, ஒரு நாளைக்கு என்று கேட்டால், சட்டியின் மூடியைத் தொட்டுப் பார்த்து உள்ளே என்ன குழம்பு என்று சொல்கிற கதைதான்.

குற்றாலத்துச் சாரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வரும் மேகம் மலையில் முட்டித் தாழ்வாக நிற்கும். பனிக்கட்டி உருவாகும் உயரத்துக்கே அது போவதில்லை. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கீழேயே கனத்து விழும். உச்சி குளிராததால் அகச்சிவப்புக் கண் ‘இங்கே ஒன்றும் பெரிதாக இல்லை’ என்று கடந்துபோகும். நாம் அருவியில் தலை கொடுத்துக்கொண்டிருப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக இந்தத் தொல்லை உண்டு. 2019 ஆகஸ்ட் 8 காலைக் கணக்கில் நீலகிரியின் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் பதிவானது. மலையும் காற்றும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது அடையாளம். நேர் எதிர்க் கோளாறு சித்திரையில் வரும். இடிமேகம் உச்சியில் விரிந்து மெல்லிய பனிமேகமாகப் பல கிலோமீட்டர் பரவும். உச்சி கடுங்குளிர், கீழே சொட்டு மழை இருக்காது. செயற்கைக்கோள் அங்கேயும் மழை போட்டுவிடும்.

மேகத்துக்கு உள்ளே பார்க்க நுண்ணலை வேண்டும். நுண்ணலைக் கருவிகள் தாழ்வான பாதையில் பூமியைச் சுற்றும் கோள்களில் இருக்கும். கடலுக்கு மேல் இவை பிரமாதம். கடல் பரப்பு நுண்ணலையில் குளிர்ந்து தெரியும், மழைத்துளிகள் அதன் மேல் பளிச்சென்று தெரியும். நிலத்துக்கு மேல் அந்தச் சௌகரியம் இல்லை. நிலமே நுண்ணலையில் பளிச்சென்று இருப்பதால் துளிகள் அதில் கரைந்துவிடும். அங்கே மேகத்தின் மேல்பகுதியில் உள்ள பனித் துகள்கள் கதிரைச் சிதறடிப்பதை வைத்துத்தான் மழையை ஊகிக்க வேண்டும். பாதி கடல், பாதி நிலம் என்று கலந்து தெரியும் கடற்கரை இவை எல்லாவற்றையும்விடச் சிக்கல். நம் மாநிலத்தில் பெருமழை வாங்கும் ஊர்கள் பலவும் கடற்கரையில்தான் இருக்கின்றன.

இந்தத் தொழிலில் இந்தியாவுக்கும் ஒரு கதை உண்டு. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்த மேகா-டிராபிக்ஸ் 2011 அக்டோபர் 12இல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போனது. வெப்பமண்டல மழைக்கென்றே செய்தது. அதிலிருந்த முக்கிய நுண்ணலைக் கருவியின் பெயர் மெட்ராஸ். நீளமான ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைக் கோத்து அப்படி வரவைத்திருந்தார்கள். சுழலும் பாகத்தில் கோளாறு வந்து 2013 ஜனவரியிலேயே அந்தக் கருவி ஓய்ந்தது. கோளில் இருந்த மற்ற கருவிகள் பல ஆண்டுகள் உழைத்தன. 2023 மார்ச்சில் இஸ்ரோ அதைத் திட்டமிட்டுக் கடல் பக்கமாக இறக்கி எரித்தது.

விண்ணிலிருந்து ரேடாரே அனுப்பி மழையை அடுக்கடுக்காகப் பார்க்க முடியும் என்று காட்டியது டி.ஆர்.எம்.எம். என்ற அமெரிக்க–ஜப்பானியக் கோள். 1997 நவம்பரில் போய் 2015 வரை வேலை செய்தது. அதன் வாரிசு ஜி.பி.எம்.; 2014 பிப்ரவரியில் ஜப்பானின் தனேகஷிமாவிலிருந்து கிளம்பியது. இரண்டு அலைவரிசை ரேடாரோடு 2023 வரை 407 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது, பிறகு இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினார்கள். ஆனால் ரேடார் பார்ப்பது ஏறத்தாழ 245 கிலோமீட்டர் அகலப் பட்டை மட்டும். அது நம் ஊருக்கு மேல் வரும் நேரத்தில் மழை பெய்ய வேண்டுமே! ஆகவே அந்த ரேடாரை உரைகல்லாக வைத்து மற்ற நாடுகளின் நுண்ணலைக் கோள்களைச் சரிபார்க்கிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் மேகம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கண்டு, கடைசியாகப் பார்த்த மழையை அந்தப் பக்கம் நகர்த்தி நிரப்புகிறார்கள். இப்படித் தயாராவதுதான் நாசாவின் ஐமெர்க் என்ற தொகுப்பு. பூமியை பாகையில் பத்தில் ஒரு பங்குக் கட்டங்களாக, அதாவது நம் பக்கத்தில் சுமார் 11 கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, அரை மணிக்கு ஒரு மழை அளவு சொல்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். நானே பார்க்கிறேன்.

அதில் மூன்று பதிப்பு. மழை பெய்து நாலு மணி நேரம் போல் கழித்து வருவது அவசரப் பதிப்பு. அரை நாள் கழித்து இன்னொன்று. இறுதிப் பதிப்பு வர மூன்றரை மாதம் ஆகும். ஏன் இவ்வளவு தாமதம் என்று அந்த மாணவியைக் கேட்டேன்.

“உங்களுக்காகத்தான் ஸார் காத்திருக்கு.”

“எனக்காகவா? ஏம்மா, கிண்டல் பண்ணுதியா?”

“இல்ல ஸார். உலகம் பூராவும் மழைமானி அளவுகளை ஜெர்மனியில ஒரு மையம் சேகரிக்குது. மாதாந்திரத் தொகுப்பு அங்கேருந்து வந்ததுக்கப்புறம்தான் சாட்டிலைட் கணக்கைத் திருத்துறாங்க.”

விண்வெளிக்குப் போன ரேடாரும் கடைசியில் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் இருக்கிற குப்பியிடம் வந்துதான் நிற்கிறது. எங்கள் தலைமை எழுத்தர் இருந்திருந்தால் அன்றைக்கு ஆபீசில் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்திருப்பார்.

கோள்களுக்கும் மானிகளுக்கும் நடுவே டாப்ளர் ரேடார் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் 2002இல் வந்தது. இதுவும் ஊகம்தான். ரேடார் அலை திரும்பி வரும் வலிமை துளியின் விட்டத்தின் ஆறாம் படியைப் பொறுத்தது. நாலு மில்லிமீட்டர்த் துளி, இரண்டு மில்லிமீட்டர்த் துளியைப் போல் 64 மடங்கு எதிரொலிக்கும். அதில் இருக்கும் தண்ணீரோ எட்டு மடங்குதான். துளிகள் என்ன அளவில் இருக்கின்றன என்று தெரியாமல் மழையைச் சொன்னால் தவறு வரும். மார்ஷலும் பாமரும் 1948இல் தந்த சூத்திரமும் அதன் திருத்தங்களும் இன்றும் ஓடுகின்றன. தூரம் கூடக்கூட ரேடார் கற்றை பூமியின் வளைவால் மேலே ஏறிப் போகும். 200 கிலோமீட்டரில் சுமார் நாலு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது.

சரி, குப்பியையும் கோளையும் எப்படிச் சேர்ப்பது? அந்தப் பெண்ணுக்கு ஆரம்பத்தில் ஒன்றுமே ஒட்டவில்லை. எங்கள் பதிவேட்டில் ஒரு தேதிக்கு 50 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். செயற்கைக்கோளின் நாள் கணக்கில் அதே தேதிக்கு வெறும் பூஜ்யம். குப்பி பொய்யா, கோள் பொய்யா என்று மண்டையைக் குடைந்திருக்கிறார். இரண்டும் இல்லை, கடிகாரம்தான். எங்கள் ‘பத்தாம் தேதி மழை’ என்பது ஒன்பதாம் தேதி காலை எட்டரையிலிருந்து பத்தாம் தேதி காலை எட்டரை வரை பெய்தது. ஐமெர்க்கின் நாளோ கிரீன்விச் நள்ளிரவில் தொடங்குவது. நமக்கு அதிகாலை ஐந்தரை. ஒன்பதாம் தேதி ராத்திரி பெய்தது எங்களுக்குப் பத்தாம் தேதிக் கணக்கு, அவர்களுக்கு ஒன்பதாம் தேதிக் கணக்கு. ஒரு நாள் தள்ளிப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் விடியற்காலை ஐந்தரைக்கும் எட்டரைக்கும் நடுவே பெய்தது அப்போதும் உதைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைப் பக்கம் விடியும் நேரத்தில்தான் வெளுத்து வாங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கடைசியில் நாள் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, அரை மணி அளவுகளை எட்டரையிலிருந்து எட்டரைக்குக் கூட்டினார். அதன் பிறகுதான் இரண்டும் பேச ஆரம்பித்தன.

சேர்க்கிற முறையின் சாரம் சிக்கலானதல்ல. ஒரு கணக்குக்கு, ஒரு கட்டத்தில் செயற்கைக்கோள் 80 மில்லிமீட்டர் சொல்கிறது, அதில் உள்ள மானி 120 காட்டுகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 40. இப்படி மானி உள்ள எல்லாக் கட்டத்திலும் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வது. மானி இல்லாத கட்டத்துக்கு, சுற்றியுள்ள மானிகளின் வித்தியாசத்தைத் தூரத்துக்கு ஏற்பக் குறைத்துக் குறைத்துப் பகிர்ந்து கொடுப்பது. அதைச் செயற்கைக்கோள் சொன்னதோடு கூட்டுவது. மழை எங்கெங்கே, எந்த வடிவில் பெய்தது என்பதைக் கோளிடமிருந்தும், எவ்வளவு என்பதை மானியிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறோம்.

கூட்டுவதா பெருக்குவதா என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. 120 இருக்க வேண்டிய இடத்தில் 80 என்றால் எல்லாவற்றையும் ஒன்றரையால் பெருக்கிவிடலாமே என்று தோன்றும். சாரல் நாளில் கோள் பூஜ்யம் சொல்லியிருந்தால் எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். கூட்டினால் அந்தச் சங்கடம் இல்லை. ஆனால் கழிக்க வேண்டி வந்து மழை மைனஸில் போனால், அதைப் பூஜ்யமாக்க வேண்டும். இந்த மாதிரிக் குறுக்குச் சந்துகளில்தான் இந்தத் துறைக்காரர்களின் பொழுது போகிறது என்று எனக்குப் புரிந்தது.

வானிலைத் துறையும் தேசிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையமும் சேர்ந்து, மானியும் செயற்கைக்கோளும் கலந்த நாள் மழை வரைபடத்தை நாடு முழுவதற்கும் தருகின்றன. கட்டம் கால் பாகை, ஏறக்குறைய 27 கிலோமீட்டர். மானிகளை மட்டும் வைத்து வானிலைத் துறை செய்த இன்னொரு தொகுப்பு 1901 வரை பின்னால் போகிறது. அதற்கு மொத்தம் 6,955 நிலையங்களின் பதிவுகளைப் பயன்படுத்தினார்கள். மானி அரிதான ஆப்பிரிக்க நாடுகளில் பஞ்சத்தை முன்கூட்டி அறிய உதவும் சர்ப்ஸ் என்ற தொகுப்பும் இதே வழிதான். 1981லிருந்து, அகச்சிவப்பையும் மானியையும் கலந்து, ஐந்து கிலோமீட்டர்க் கட்டங்களில்.

கலந்தது நன்றாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு மானியை வேண்டுமென்றே ஒளித்துவைத்துவிட்டு, மற்றவற்றை மட்டும் கொண்டு அந்த ஊரின் மழையை மதிப்பிட வேண்டும். பிறகு ஒளித்துவைத்ததை எடுத்து ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு மானிக்கும் இதைச் செய்தால் எந்த ஊரில் மதிப்பீடு தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும். எங்கள் தாலுகா மானியையும் அந்த மாணவி ஒளித்துப் பார்த்தார். வடகிழக்குப் பருவமழை நாட்களில் மதிப்பீடு ஓரளவு கிட்டே வந்தது. ஆனி, ஆடியில் மலையடிவார ஊர்களில் கணிசமாகக் குறைந்தது. எதிர்பார்த்ததுதான்.

காயல்பட்டினத்துக்குத் திரும்ப வருகிறேன். ஐமெர்க்கின் ஒரு கட்டம் ஏறத்தாழ 120 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஒரு மூலையில் 95, இன்னொரு மூலையில் 69 என்று பெய்தால், செயற்கைக்கோள் துளிகூடப் பிசகாமல் வேலை செய்திருந்தாலும் அந்தக் கட்டத்தில் 95 என்ற எண் வராது. சராசரிதான் வரும். ‘செயற்கைக்கோள் குறைத்துக் காட்டிவிட்டது’ என்று உடனே குற்றம் சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்தச் சராசரியில் பத்து சென்டிமீட்டர் பிசகினால் தண்ணீர்க் கணக்கில் 0.4 டி.எம்.சி.க்கு மேல் போய்விடும் என்பதையும், அதை நம்பி மதகுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் யோசிக்க வேண்டும். அணைக்காரருக்கு வேண்டியது சராசரி. வீட்டு மாடியில் நிற்கிறவனுக்கு வேண்டியது தன் தெருவின் மழை. பயிர்க் காப்பீட்டுக்காரருக்கு அவர் குறித்துக்கொடுத்த நிலையத்தின் மழை. அந்த நிலையத்தில் பெய்து உங்கள் வயலில் பெய்யாவிட்டால் உங்களுக்குக் காசு கிடையாது. ஒரே எண்ணை மூன்று பேரும் பிடித்து இழுக்கிறார்கள்.

தமிழக அரசு 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் நிறுவும் வேலையை எடுத்துக்கொண்டது. மனதார வரவேற்கிறேன், ஒரு முணுமுணுப்போடு. தானியங்கி மானியில் பெரும்பாலும் உள்ளே ஒரு சின்னக் கரண்டி ஜோடி இருக்கும். ஒன்று நிறைந்து கவிழ்ந்ததும் மற்றது மேலே வரும், ஒவ்வொரு கவிழ்ப்பும் ஒரு எண்ணிக்கை. கொட்டும் மழையில் கவிழும் நொடிக்குள் விழும் தண்ணீர் கணக்கில் வராமல் போய்க் குறைவாகக் காட்டும். புனலில் காக்கை எச்சமோ சிலந்தி வலையோ இருந்தால் அது மழை இல்லை என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருக்கும், யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். கருவி வாங்க ஒரு தடவை பணம் ஒதுக்குவார்கள். புனல் துடைக்கிற ஆளுக்கு மாதாமாதம் ஒதுக்க வேண்டுமே! அந்தப் பணம் குறையும் இடத்தில், திருத்துவதற்கென்று வைத்த மானியே செயற்கைக்கோள் கணக்கைக் கெடுக்கும்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலேயே ஒன்று வைத்துக்கொள்ளலாம். அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கம் நேராக இருக்கும் எந்தப் பாத்திரமும் போதும். மொட்டை மாடியில் சுவரை விட்டுத் தள்ளி வைத்து, காலை எட்டரைக்கு ஸ்கேலை விட்டு ஆழத்தைப் பாருங்கள். வாய் எத்தனை அகலமாக இருந்தாலும் ஆழம் அதேதான். வாளி உதவாது, அது மேலே விரிந்திருக்கும். 2.5 மில்லிமீட்டர் தேறினால்தான் வானிலைத் துறைக் கணக்கில் அது மழை நாள். 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. அன்றைக்கு மாடிக்குப் போகாதீர்கள்.

அந்த மாணவி இப்போது தேடுவது 1970களின் பதிவேடுகளை. செயற்கைக்கோள் கணக்கு அவ்வளவு பின்னால் போகாது, அதற்கு முந்தைய மழைக்குக் காகிதம்தான் சாட்சி. மலைமேல் தேயிலை எஸ்டேட் ஆபீசுகளில், அணைக்கட்டு லஸ்கர் குடியிருப்புகளில், பழைய ஜமீன் கணக்குப் பெட்டிகளில் மழை நோட்டு இருக்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். தாலுகா அலுவலகங்களில் இருந்ததைப் பற்றி அவர் கேட்டபோது, கட்டடம் இடித்துப் புதிதாகக் கட்டிய இடங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களின் பட்டியலை எழுதிக் கொடுத்தேன்.